ரெனாத்துஸின் மெழுகுதிரி

"பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள்?"

சாமியார் கேட்டது தாயான அவளையும் சேர்த்துத்தான். அவள் வாய் திறக்கவில்லை.

"ரெனாத்துஸ்" என்றான் அவள் கணவன் தஸ்நேவிஸ், கோயில் முழுக்கக் கேட்கும்படி.

பின் பெஞ்சுகளில் முணுமுணுப்பு ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? அந்தக் கடற்கரை ஊரில் நின்று அந்தோணி என்று ஒரு குரல் விட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். சவேரி என்றால் மீதித் தெரு.

ரெனாத்துஸ் என்று ஒருவன்கூடக் கிடையாது.

தஸ்நேவிஸ் அதைப் போனில் தேடி எடுத்திருந்தான். பிள்ளை பிறந்த வாரம் முழுக்க அவனுக்கு அதே வேலையாக இருந்தது. கட்டிலருகே உட்கார்ந்து அவளுக்கு வாசித்துக் காட்டினான். லத்தீன் பெயராம். ஆதி கிறிஸ்தவர்கள் ஞானஸ்நானத்தை நினைத்து ஆசையாக வைத்துக்கொண்ட பெயராம். பிரான்சுக்குப் போய் ரெனே ஆகிவிட்டதாம். இப்போது வைப்பவர்கள் குறைவு. எத்தனை பேர் வைக்கிறார்கள் என்று காட்டும் படத்தில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

"அர்த்தத்தக் கேளு" என்றான். "மறுபடியும் பிறந்தவன்."

போனை அவள் பக்கம் நீட்டினான்.

அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

முதல் பிள்ளை கிளிட்டஸ். நடக்கப் பழகி, ஓடப் பழகி, ஒரு காய்ச்சலில் போய்விட்டான். கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்த மணலில் கிடக்கிறான். ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் ஒரு மெழுகுதிரியோடு அங்கே போவாள். மழை, காற்று எதுவும் பார்த்ததில்லை.

பெயரின் அர்த்தம் தெரிந்ததும் தஸ்நேவிஸின் அக்காள் செலின் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"போனவந்தான் வந்திருக்கான். இனி அங்க திரி கொண்டு போவாத, என்ன? வந்தவன வச்சிக்கிட்டுப் போனவனத் தேடப்படாது. பிள்ளைக்கு ஆவாது."

கெட்ட மனசில் சொன்ன பேச்சில்லை. வீடே தலையாட்டியது. தஸ்நேவிஸும் தலை குனிந்து நின்றான்.

அவளும் சரி என்றாள்.

இந்தப் பிள்ளைமேல் அவளுக்குக் கோபம் இல்லை. பாசமும் வரவில்லை. அழுதால் எடுத்தாள், ஈரமானால் துணி மாற்றினாள். உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வந்தவன் அவன்தான் என்றால் மணலுக்கடியில் கிடப்பவன் யார்?

அவனுக்கு இனி யார் திரி வைப்பார்கள்?

சாமியார் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றினார். ஞானத்தாயான செலின்தான் பிள்ளையை ஏந்தியிருந்தாள். பிள்ளை ஒருமுறை வீல் என்று கத்தி அடங்கினான். பீடத்தருகே நின்ற பெரிய பாஸ்கா திரியில் பற்றவைத்த சிறு திரி ஒன்று தாயான அவள் கைக்கு வந்தது. ஞானஸ்நானத் திரி அது. வீட்டுக்குக் கொண்டுபோய் மாதா சுரூபத்தின் முன் வைப்பார்கள். பிறகு பிள்ளை வளர்ந்து முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளில்தான் வெளியே எடுப்பார்கள். மெழுகு உருகி அவள் விரலில் விழுந்தது. அவள் விரலை அசைக்கவில்லை.

"வெள்ளை உடை" என்றார் சாமியார்.

செலின் பையைத் திறந்தாள். பாச்சை உருண்டை வாசனை அடித்தது.

கிளிட்டஸின் ஞானஸ்நானச் சட்டை.

பெட்டியின் அடியிலிருந்து யார் எடுத்துக் கொடுத்தார்களோ. கழுத்தோரம் அவள் போட்ட பின்னல். இடது தோளில் எவ்வளவு துவைத்தும் போகாத பழுப்புக் கறை.

கிளிட்டஸ் பிறக்கும்போது கோழிக்குஞ்சு மாதிரி இருந்தான். இவன் கொழுகொழுவென்று இருக்கிறான். தலை நுழைந்தது. கை நுழையவில்லை. செலின் இழுத்தாள். தையல் இறுகியது. பிள்ளை முகம் சிவக்கக் கதறினான்.

வேறு குரல்.

அவள் அதை இப்போதுதான் கேட்டாள். இத்தனை நாள் காதில் விழுந்தும் கேட்கவில்லை. கிளிட்டஸ் அழுதால் இழுத்து இழுத்து அழுவான், பூனை மாதிரி. இவன் ஊரைக் கூட்டுகிறான்.

"விடுங்க மைனி. அது அவஞ் சட்டை. இவனுக்குக் கொள்ளாது."

அவள் திரியைத் தஸ்நேவிஸிடம் நீட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கி, சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். தன் வெள்ளைச் சேலையின் முந்தானையால் அவனைச் சுற்றினாள். சாமியார் ஒரு கணம் பார்த்துவிட்டு, அதன்மேல் கை நீட்டி ஜெபத்தைத் தொடர்ந்தார்.

ஆசீர் முடிந்ததும் எல்லோரும் முன்வாசலுக்குப் போனார்கள். வீட்டில் பிரியாணி தம்மில் இருந்தது. அவள் பக்கவாசல் வழியாக இறங்கினாள். ஒரு கையில் பிள்ளை. இன்னொரு கையில் தஸ்நேவிஸிடமிருந்து திரும்ப வாங்கிய எரிகிற திரி.

"எங்க போற? அந்தத் திரிய அங்க கொண்டு போகப்படாது!" பின்னாலிருந்து செலினின் குரல் வந்தது.

அவள் நடந்தாள்.

கிளிட்டஸின் சிலுவை சின்னது. நீலப் பெயிண்ட் உரிந்திருந்தது. போன ஞாயிறு யாரும் திரி வைக்கவில்லை. மணல் வழுவழுவென்று கிடந்தது. மண்டியிட்டுத் திரியை ஊன்றினாள். கடல்காற்று சுடரைப் படுக்கப் போட்டது. மெழுகு அவள் கையில் தெறித்தது.

சுட்டது.

"கிளிட்டஸ்" என்றாள். "உந் தம்பி வந்திருக்கான். பேரு ரெனாத்துஸ்."

பிள்ளையின் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

பின்னால் மணல் நெரிந்தது. அவள் திரும்பவில்லை. யாரோ தடுக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தாள்.

தஸ்நேவிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்கு எதிரே மண்டியிட்டான். இரண்டு கைகளையும் குவித்துச் சுடரைச் சுற்றி வைத்தான்.

திரி அணையவில்லை.