கடைசிச் சீவல்

பிரிந்துவிடலாம் என்று சொல்வதற்காகத்தான் ஜெனிட்டா தன் கணவனை அந்தப் பெரிய ஜப்பானிய உணவகத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். பேச்சை எடுக்கும் நேரம் பார்த்துத் தட்டு வந்தது. சுட்ட கத்தரிக்காயின் மேல், மரச்சீவல் போல மெல்லியதாக ஏதோ நெளிந்தது, நிமிர்ந்தது, சுருண்டது.

“உயிரோட இருக்கா?” என்றான் ஸ்டீபன்.

“காஞ்ச மீனைச் சீவிப் போட்டது சார். சூட்டுக்கு ஆடுது,” என்றாள் பரிமாறியவள்.

என்றோ செத்த மீன் மறுபடி நீந்துவதை, நெற்றிகள் முட்டிக்கொள்ளும் அளவுக்குக் குனிந்து இருவரும் பார்த்தார்கள்.

“ஏதோ சொல்லணும்னியே?”

“இது அடங்கட்டும். சொல்றேன்.”

சீவல்கள் ஒவ்வொன்றாகப் படிந்தன. கடைசி ஒன்று மட்டும் தயங்கித் தயங்கி அசைந்தது. அதுவும் ஓயப்போகையில், ஜெனிட்டா அதன்மேல் மெல்ல ஊதினாள்.