இனித் தடையில்லை

பிரியாவிடை விருந்து முடிந்து சிட்னி கிரவீனில் உள்ள தன் வீட்டுக்கு வந்த கேதீஸ்வரன், அவுஸ்திரேலிய விமானப்படைச் சீருடையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். ஏர் கொமடோர் பதவி இன்றோடு முடிந்தது.

"இனி என்ர கொம்பனி டெண்டர் போடலாம்தானே?" என்றாள் மனைவி நிரூபா.

ட்ரோன் பற்றரி செய்யும் சின்னக் கொம்பனி அவளுடையது. "நான் படையில இருக்கேக்க மனுசி படைக்குச் சாமான் வித்தால் சனம் கதைக்கும்" என்று அவர் சொன்னதால் இத்தனை வருடமும் ஒதுங்கியே நின்றாள். படையின் பற்றரி ஓடர் அவ்வளவும் ஒரு மெல்பேர்ன் கொம்பனிக்கே போனது.

"இப்பவும் ஏலாது, நிரூ."

"ஏன்? அதுதான் பென்சன் எடுத்திட்டியளே."

"திங்கட்கிழமை அந்த மெல்பேர்ன் கொம்பனிக்கு டிரெக்டராப் போறன்."

நிரூபா கதிரையில் கிடந்த சீருடையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"எத்தனையோ பேர் இருக்க, உங்களை ஏன் எடுத்தவை?"

"அவைக்கு உம்மட பற்றரியிலதான் பயம். நீர் போட்டிக்கு வரமாட்டீர் எண்டு வாக்குக் குடுத்தனான்."