ஆத்தாவின் உத்தரவு

சீனித்தாய் கிடாவின் கழுத்தில் வேப்பிலை மாலை கட்டிக்கொண்டிருந்தாள். மகளுக்கு அம்மை இறங்கினால் கிடா தருவதாக இந்த மலையுச்சி அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். கிடா கயிற்றை இழுத்துப் பார்த்தது.

"இப்ப உன்மேல மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க," என்றது பக்கத்தில் காலைக் கட்டிப் போட்டிருந்த சேவல். "உடம்பை உதறினா, ஆத்தா உத்தரவு குடுத்துட்டானு வெட்டிருவாங்க. மூணு சொம்புக்கும் அசையலேனா அவுத்து விட்டுருவாங்க."

"பயத்துல தானா உதறுதே அண்ணே."

"என்னடா பயம்? என்னைப் பாரு, எப்படிக் கிடக்கேன்."

பூசாரி ஊற்றிய முதல் சொம்புத் தண்ணீர் காதுக்குள் இறங்கியது. கிடா பல்லைக் கடித்துக்கொண்டது. இரண்டாவதுக்கு முதுகுத்தோல் துடிக்கப் பார்த்தது, மூச்சை அடக்கியது. மூன்றாவதுக்கும் அசையவில்லை. கூட்டம் முணுமுணுத்தது.

"என்ன குத்தம் செஞ்சேன் தாயே," என்று புலம்பிக்கொண்டே சீனித்தாய் கிடாவை அவிழ்த்தாள்.

"பதிலுக்கு உன் சேவலைக் கேட்டுப் பாப்போம்," என்றார் பூசாரி.

"அண்ணே, மூச்சை அடக்கிக்க, கண்ணை மூடி..." என்று கிடா சொல்லி முடிக்கவில்லை. சொம்பு இன்னும் சாயக்கூட இல்லை, சேவல் கொண்டையிலிருந்து வால்வரை கிடுகிடுவென்று ஆடியது.

பெண்கள் குலவையிட்டார்கள். "கேக்கும் முன்னே சம்மதிச்சிட்டியே ஆத்தா," என்று சீனித்தாய் கண்ணீரோடு கும்பிட்டாள்.