மறுபடியும் நீராகாது

“அப்ப அது மறுபடியும் தண்ணியா ஆயிடுமில்ல?” என்று கேட்டார் காளியப்பன்.

சாதியை மறுத்து அன்புவை மணந்த நாளிலிருந்து மகள் மணிமேகலைக்கு மூடிக் கிடந்த வீடு அது. பொம்மிடியில் ரயில் இறங்கி, மணிமேகலையும் அன்புவும் முதன்முறையாகச் சேர்ந்து வந்திருந்தார்கள். அழைத்தவர் அப்பாவேதான்.

பெங்களூரில் அவளுக்கு என்ன ஆராய்ச்சி என்று முதலில் கேட்டிருந்தார். விளக்கினாள். விண்வெளியில் ஒரு நீர் மூலக்கூறு, கதிர் பட்டு ஓர் எலக்ட்ரானை இழந்து, மின்னேற்றத்தோடு அலைகிறது. இழந்ததற்கு ஈடாக இன்னோர் எலக்ட்ரான் ஒருநாள் வந்து சேர்கிறது.

“ஆகாதுப்பா. சேரும்போது வெளிப்படுற சக்தியை அதால தாங்க முடியாது. ஒடைஞ்சிடும். பெரும்பாலும் மூணு துண்டா.”

“என்ன கூத்தும்மா இது! போனது வந்துட்டா முழுசாகணும். இந்தா, நீ வந்துட்ட. நம்ம வூடு முழுசாயிடல?”

அன்புவும் சிரித்தான்.

அம்மா ராஜாமணி தட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அப்பாவுக்கு எவர்சில்வர் டம்ளர். மகளுக்கு எவர்சில்வர் டம்ளர்.

மருமகனுக்குப் பேப்பர் கப்.

மணிமேகலை அந்தக் கப்பையே பார்த்தாள். ஒழித்துவிட்டோம் என்று மேடைதோறும் முழங்கப்பட்ட தனிக்குவளை, மெழுகு பூசிக்கொண்டு, அவள் பிறந்த வீட்டின் கூடத்துக்கே வந்திருந்தது!

“சுத்தத்துக்குதாம்மா” என்றார் காளியப்பன், அவள் முகத்தைப் பார்க்காமல். “இப்பெல்லாம் கல்யாணத்துலயே இதுலதான குடுக்கறாங்க.”

கடையிலிருந்து திட்டமிட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். அதன் பிறகே அழைத்திருக்கிறார்கள். அந்த நினைப்பே அவளை எழுந்து நிற்க வைத்தது.

“எந்திரிங்க அன்பு, போலாம்.” பிறகு தாயின் பக்கம் திரும்பினாள். “இதை நீட்ட உனக்கு எப்படிம்மா கை வந்துச்சு?”

ராஜாமணி சமையலறைக்குள் போனாள்.

திறந்த கதவின் வழியே மணிமேகலை பார்த்தாள். அலமாரியில் பேப்பர் கப்புகளின் நீண்ட அடுக்கு. புதிதாகப் பிரித்ததன்று. பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.

இந்த வீட்டுக்கு அன்பு வருவது இன்றுதான் முதல்முறை.

ராஜாமணி அதிலிருந்து ஒன்றை உருவினாள். குடத்துத் தண்ணீரை ஊற்றினாள். கூடத்துக்கு வந்து, எல்லோருக்கும் முன்னால் நின்று குடித்து முடித்தாள்.

“போன வருசம் நீ ஆஸ்பத்திரில கெடந்தப்ப, உங்க வூட்டுல தங்கிச் சாப்பிட்டேன்ல. அன்னையிலிருந்து எனக்கும் இதுதாம்மா.”

காளியப்பன் டம்ளரைக் கீழே வைக்கவும் மறந்திருந்தார்.

ராஜாமணி காலிக் கப்பைக் கசக்கி அவர் முன்னால் வைத்தாள். வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டினாள்.

“வண்டி எத்தன மணிக்கு மாப்ள?”