சனிக்கிழமைப் பரீட்சை

"ஓய்வு நாள்ல பரீட்சை எழுதப் போறவளுக்கு நம்ம சபையில இடம் கிடையாது, அசரியா. முடிவாச் சொல்லிட்டேன்."

கொடுத்த காபியைக்கூடப் பாஸ்டர் ஏசுபாதம் தொடவில்லை.

அசரியா ரயில்வே ஆபீஸ் கிளார்க். யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத மனுஷன். கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் ஞானஜோதி எம்.எஸ்ஸி. விலங்கியலில் காலேஜுக்கே முதல். அமெரிக்காவில் ஒரு யுனிவர்சிட்டி, அவள் படித்த தாம்பரம் காலேஜிலிருந்து ஒரே ஒருவரை மேல்படிப்புக்குச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அதற்கு ஆப்டிட்யூட் டெஸ்ட் எழுத வேண்டும். டெஸ்ட் மெட்ராஸில், வருகிற சனிக்கிழமை காலை.

வினையே அங்கேதான். அந்தச் சின்னச் சபைக்குச் சனிக்கிழமைதான் ஓய்வு நாள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் மறுநாள் பொழுது சாயும்வரை அடுப்பு மூட்ட மாட்டார்கள், ரயிலேற மாட்டார்கள். பரீட்சையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

"ஒரே ஒரு சனிக்கிழமை, ஐயா," என்றாள் ரத்தினபாய். பெற்றவள், விட மனசில்லை. "ஒரு வருஷமா இதே நினைப்பா படிச்சிருக்கா. எழுதிட்டு வந்து ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கட்டும்."

"மன்னிப்புக் கேட்டுக்கலாம்னு தெரிஞ்சே செய்யறதுக்குப் பேர் என்னம்மா?"



"வேற நாள்ல வைக்கச் சொல்லி எழுதிக் கேக்கலாமா, ஐயா?" என்றாள் ஞானஜோதி மெதுவாக.

பாஸ்டர் சிரித்தார். "உனக்காக அமெரிக்காக்காரன் பரீட்சையை மாத்துவானா? ஏம்மா, என் மகன் வில்பிரட்டும் உன் காலேஜ்தானே, அதே இடத்துக்குத்தான் அப்ளை பண்ணியிருக்கான். சனிக்கிழமை காலையில அவன் எங்க இருக்கான்னு ஜெப வீட்டுக்கு வந்து பாரு. அப்புறம் பேசு."

இதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? தன் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஊரார் பிள்ளைக்கு ஒரு நியாயம் என்று இல்லாத மனுஷன்.

சனிக்கிழமை காலை. சீவி வைத்த பென்சில்கள் மேஜைமேல் அப்படியே கிடந்தன. ஜெப வீட்டில் ஆண்கள் பக்கம் முன் பெஞ்சில், மடியில் பைபிளோடு வில்பிரட் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்த பிறகுதான் ஞானஜோதிக்கு அழுகை அடங்கியது. நம்மை மாதிரி அவனும் பாவம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பாட்டுக்கு நடுவே, மெட்ராஸ் பீச்சுக்குப் போகிற மின்சார ரயில் கூவிக்கொண்டு போவது கேட்டது.

பிரசங்கத்தில் பாஸ்டர் அவள் பெயரைச் சொன்னார். "அமெரிக்கா வேண்டாம், ஆண்டவர் போதும்னு சொன்ன மகள் நம்ம சபையில இருக்கா." எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குப் பெருமையாக இல்லை. உள்ளே ஏதோ செத்துப்போன மாதிரி இருந்தது.

அடுத்த டெஸ்ட் வருவதற்குள் அப்ளிகேஷன் கெடு முடிந்துவிட்டது.

முடிச்சூர்ப் பக்கம் ஒரு ஸ்கூலில் டெம்பரரி டீச்சர் வேலை கிடைத்தது. தவளையின் இதயத்தில் மூன்று அறை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்தால் பேச்சே கிடையாது. அப்பாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அசரியாவுக்கு.

ஆகஸ்டில் பாஸ்டர் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். வில்பிரட்டுக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்துவிட்டது. அதே யுனிவர்சிட்டி. அந்த ஒரே இடம்.

"டெஸ்ட் எழுதாமலா கொடுத்தான்?" வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள் ரத்தினபாய்.

"ஓய்வு நாளைக் காத்தான், கர்த்தர் வழியைத் திறந்தார்," என்று கூட்டத்தில் பாஸ்டர் தழுதழுத்தார்.

"என் மகளும்தானே காத்தா," என்று ரத்தினபாய் முணுமுணுக்க, அசரியா அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

ஜெபம் முடிந்து கேக்கும் மிக்சரும் கொடுத்தார்கள். ஆண்களும் பெண்களும் நின்று பேசுகிற வழக்கமில்லாத சபை அது. ஊரை விட்டே போகிறவன்தானே என்ற தைரியத்தில் வில்பிரட் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு ஞானஜோதியிடம் வந்தான். புதுச் சட்டை, புது ஷூ. நல்ல பையன்தான்.

"போயிட்டு வரேன், ஜோதி. எனக்காக ஜெபம் பண்ணிக்க."

"பண்றேன். டெஸ்ட் எழுதாம எப்படிச் சேத்துக்கிட்டாங்க, வில்பிரட்?"

"எழுதாமயா? எழுதினேனே. திங்கட்கிழமை."

"எந்தத் திங்கட்கிழமை?"

"அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள்தான். நம்மளை மாதிரி ஓய்வு நாள் பாக்குறவங்களுக்குன்னு தனியா வைப்பாங்களே. பாஸ்டர் சர்டிபிகேட் கொடுத்தாப் போதும். எனக்கு அப்பா முன்கூட்டியே எழுதிக் கொடுத்துட்டார்."

ஞானஜோதி திரும்பிப் பார்த்தாள். கூடத்தின் அந்தக் கோடியில் அப்பா, பாஸ்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்து வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வில்பிரட் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"உனக்கும் ஒண்ணு எழுதிக் கொடுங்கன்னு அப்பாகிட்ட நான்தான் சொன்னேன், ஜோதி. உனக்கு அமெரிக்கா போகவே இஷ்டமில்லைன்னாரே. பிரசங்கத்திலகூடச் சொன்னாரே, நீயும்தான் அங்க உக்காந்திருந்தே?"