பக்கத்து இருக்கை

பின்னால் நகர்ந்த கார் கம்பத்தில் இடித்தது. கம்பம் இரண்டு முறை ஆடி யோசித்துவிட்டு மெதுவாகச் சாய்ந்தது.

தேர்வுத் திடலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். ஓட்டுநர் தேர்வில் மகளுக்கு இது ஐந்தாவது முறை. இதிலும் தேறாவிட்டால் அடுத்ததற்குள் பழகுநர் உரிமம் காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். ஆனால் எழுதவில்லை. தேர்வுக்கு முன்பே அப்பா அவரிடம் புலம்பியிருந்தார். பழகுநர் தனியாக ஓட்டக் கூடாது, உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அவள் அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. அதனால் ஞாயிறு தவறாமல் அப்பாதான் உட்கார வேண்டியிருக்கிறது. தேர்வு வந்தால் ஒவ்வொரு முறையும் லீவு வேறு. ஆபீசில் சிரிக்கிறார்கள் என்றார்.

ஆய்வாளரின் கையைத் தடுத்தது அந்தப் புலம்பல் மட்டுமல்ல, காரும்தான். அவளைவிட வயதில் மூத்த கார். கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். கதவைச் சாத்த ஒரு தனி பலம் வேண்டும். இப்படி ஒன்றில்தான் அவரும் ஓட்டப் பழகியிருந்தார்.

"விடும்மா. ரோட்டுல ஒரு சுத்து போய்ட்டு வரலாம்" என்றார்.

திடலின் வாசலில் அவள் பிரேக்கை மிதித்தபோது, பின் இருக்கையிலிருந்த ஹெல்மெட் ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

"கார்ல எதுக்கு ஹெல்மெட்? நீ ஓட்டறதுக்குப் பயந்தா?"

அவள் முதல் முறையாகச் சிரித்தாள். "அப்பாவோடது சார். பைக்கை எங்க வீட்டு வாசல்ல விட்டுட்டு இதுல ஏறிக்குவார்."

சாலைக்கு வந்ததும் அவள் வேறொருத்தியாகிவிட்டாள். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்குப் போகுமுன் ஒரு நொடி நிறுத்தினாள். இந்த வண்டி அந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டுக்கொள்ளும் சார், அவசரப்படுத்தினால் கோபம் வரும் என்றாள். மேட்டில் என்ஜின் முனகியபோது, அழும் குழந்தையைத் தட்டுவதுபோல் முன்பலகையைத் தட்டிக் கொடுத்தாள். குறுக்கே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டாள். திறந்த ஜன்னலில் அவள் தலைமுடி பறந்தது.

ஆய்வாளர் தன் வேலையை மறந்துவிட்டு, இன்னொரு சுற்று போகச் சொன்னார்.

வழியெல்லாம் அவள் அப்பாவைப் பற்றித்தான் பேசினாள். முதல் நாள் அவர் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தாராம். பாலம் வரை போய்த் திரும்புவார்களாம். அங்கே ஆளுக்கொரு டீ. "ஸ்டீயரிங்கை ஏன் மாவு பிசையற மாதிரி பிசையறேன்னு கேப்பார் சார். இப்பவும் கேக்கணும்னு வேணும்னே பிசைவேன்."

திடலுக்குத் திரும்பியபோது சுவரோரம் ஒரு லாரியும் ஒரு வேனும் நின்றிருந்தன. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தைக் காட்டி, "அதுல விட்டுடும்மா, நான் இறங்கிக்கறேன்" என்றார் ஆய்வாளர்.

அவள் பேச்சை நிறுத்தவில்லை. ஒரு கையை இருக்கையின் முதுகில் போட்டு, திரும்பிப் பார்த்தபடி, ஒரே வளைவில் காரை உள்ளே கொண்டுபோய் நிறுத்தினாள். முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம். கம்பங்கள் நட்டிருந்ததைவிடக் குறுகலான இடம்.

ஆய்வாளர் இப்போது பேனாவைத் திறந்து எழுதினார்.

"இப்ப நிறுத்தினியே, இதுதாம்மா உனக்குப் பரீட்சை. உன் கையில ஒரு குறையும் இல்ல. அந்தக் கம்பத்தைப் பாத்தாதான் உனக்கு பயம். பாஸ்."

ஸ்டீயரிங்கில் அவள் விரல்கள் அப்படியே நின்றன.

அதற்குள் அப்பா ஓடி வந்துவிட்டார். விஷயம் கேட்டதும் ஆய்வாளருக்கு ஜன்னல் வழியாகவே கும்பிடு போட்டார். மகளின் தோளைத் தட்டினார். காத்திருக்கப் பொறுமையில்லாமல், முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்பு 'எல்'லைத் தாமே உரித்தார். பின்னால் ஒட்டியிருந்ததை உரிக்கப் போகும்போது போன் அவர் காதில் இருந்தது. "முடிஞ்சிடுச்சு. இனிமே இந்த அலைச்சல் இல்ல" என்று யாரிடமோ சொன்னார்.

ஆய்வாளருக்கு மனம் நிறைந்திருந்தது. எத்தனையோ பேரை அழ வைத்து அனுப்பிய திடலில், அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்.

"இனிமே பக்கத்துல யாரும் உக்காரணும்னு அவசியமே இல்ல. நீ பாட்டுக்கு எங்க வேணா போலாம்."

சொல்லிக்கொண்டே இறங்கப் போன ஆய்வாளர் திரும்பிப் பார்த்தார். அவள் கன்னம் நனைந்திருந்தது. பின்பக்கம் காட்டும் சிறிய கண்ணாடியில் அப்பா தெரிந்தார். நகத்தால் சுரண்டி, ஒட்டியிருந்த பசையைக்கூட விடாமல் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது? பாஸானதுக்கு யாராவது அழுவாங்களா?"

"கம்பத்தைப் பாத்துதான் சார் இடிச்சேன். ஒவ்வொரு தடவையும்."

அவருக்குப் புரியவில்லை. அவள் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னாள்.

"இனிமே அப்பா எதுக்கு சார் எங்க வீட்டுக்கு வருவார்?"