ஒன்பது பாஸ்கா

நற்கருணைப் பாட்டு தொடங்கியதும் பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சிலிருந்து ஜெசிந்தா எழுந்தாள்.

எழுந்தவள் நேரே பீடத்தை நோக்கிப் போகவில்லை. நடுவழியைக் கடந்து ஆண்கள் பக்கம் வந்து, அங்கே கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் குனிந்தாள்.

“அப்பா, இன்னமும் எம்மேல கோவந் தீரலையா? இன்னைக்காச்சும் எந்திரிச்சு வாங்க.”

சூசைமாணிக்கம் நிமிர்ந்து பார்த்தார். மகள் அவரிடம் பேசி ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

“நீ போத்தா” என்றார்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நற்கருணை அப்பம் வாங்குகிற வரிசையில் போய் நின்றாள்.

ஊருக்குத் தெரிந்த கதைதான். தொண்ணூற்றாறாம் வருஷம் கோம்பை ஊர் இந்துப் பையன் முத்துக்கருப்பனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டு ஜெசிந்தா வாசலில் வந்து நின்றபோது, செத்தாலும் உன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று சூசைமாணிக்கம் தெருவே கேட்கக் கத்தினார். கோவிலில் மந்திரித்து ஆசீர்வதிக்காத கல்யாணம், அதனால் அவளுக்கு நற்கருணை கிடையாது என்று அப்போதிருந்த சாமியாரும் சொல்லிவிட்டார்.

அடுத்த வருஷத்திலிருந்து சூசைமாணிக்கமும் நற்கருணை வாங்குவதை நிறுத்தினார்.

மனதில் பகையை வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கக்கூடாது என்பது ஞானோபதேசம் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆகவே, மனுஷன் மகளை மன்னிக்கவில்லை என்று ஊர் முடிவு கட்டியது. திராட்சை லோடு ஏற்றிக்கொண்டு குமுளிக்குப் போகிற இடத்தில் ஏதோ தொடுப்பு இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. வாய்க்கு வந்ததைப் பேச ஊருக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன.

ஜெசிந்தா கோபம் என்றுதான் நம்பினாள்.

இப்போது வந்திருக்கும் புதுச் சாமியார் ஆயரிடம் அனுமதி வாங்கி, போன புதன்கிழமை அவளையும் முத்துக்கருப்பனையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து மந்திரித்துவிட்டார். இன்றைக்கு அவள் வாங்கலாம்.

அவளோடு சேர்ந்து தானும் வாங்கிவிட வேண்டும் என்று சூசைமாணிக்கத்துக்கு அவ்வளவு ஆசை. பூசைக்கு முந்தியே வந்து சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டார்.

ஒன்பது பாஸ்காவாக, ஈஸ்டருக்குக்கூட, நற்கருணை வாங்கவில்லை, வருஷத்துக்கு ஒருதரமாவது வாங்க வேண்டும் என்கிற திருச்சபைக் கட்டளையை மீறிவிட்டேன் என்று சொன்னார். ஏன் வாங்கவில்லை என்பதையும் சொன்னார்.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாமியார் பேச ஆரம்பித்தார்.

சாமியார் சின்ன வயசுக்காரர், இரக்கமுள்ளவர். இவரை எப்படியாவது கரையேற்றிவிடப் பார்த்தார். கட்டளை தெரியாமல் செய்தீர்களா? யாராவது கட்டாயப்படுத்தினார்களா? மனம் குழம்பிப்போய் இருந்தீர்களா? முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாத இடத்தில் ஆத்துமாவைக் கொல்லும் சாவான பாவம் இல்லை என்று எடுத்தும் கொடுத்தார்.

தெரிந்துதான் செய்தேன், என் இஷ்டத்தில்தான் செய்தேன் என்று சாமியார் திறந்துவைத்த ஒவ்வொரு கதவையும் சூசைமாணிக்கமே சாத்தினார்.

சரி, அதற்காக வருத்தப்படுகிறீர்கள்தானே என்று கடைசியாகக் கேட்டார் சாமியார்.

ஒரு ‘ஆமா’ சொன்னால் போதும். அந்த ஒரு சொல் வாய்வரை வந்து நின்றுவிட்டது.

“வருத்தமில்ல சாமி. அந்த நாளு திரும்ப வந்தாலும் அங்கனதான் போயி உக்காருவேன்.”

செய்த பாவத்துக்கு வருத்தமே இல்லாதவருக்கு மன்னிப்பை எப்படித் தருவது? யோசித்துவிட்டு இன்னொரு நாள் வாருங்கள் என்று சாமியார் அனுப்பிவிட்டார். மன்னிப்பு கிடைக்காமல் நற்கருணை வாங்க முடியாது.

அந்த நாளில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஜெசிந்தா முதன்முதலாகப் பூசைக்கு வந்திருந்தாள். ஏழு மாத வயிறு. மூன்றாம் பெஞ்சிலிருந்து நற்கருணைக்கு எழுந்த சூசைமாணிக்கம் தற்செயலாகப் பின்னால் பார்த்தார். கோவில் மொத்தமும் முன்னால் நகர்ந்துவிட, காலி பெஞ்சுகளுக்குப் பின்னால் அவள் ஒருத்தி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரிசையில் போகிறவர்களெல்லாம் அவளை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தெருவே கேட்கச் சொன்ன வார்த்தையை விழுங்கிவிட்டு அவளிடம் போய்ப் பேச அவருக்குத் தைரியம் வரவில்லை. வரிசையிலிருந்து விலகிப் பின்னால் நடந்தார். அவளுக்கு எதிர்ப் பக்கத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பார்க்கிறவர்கள் இரண்டு பேரைப் பார்க்கட்டும்.

பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான். கோவில் முன்னால் போய்விடும். பத்து நிமிஷம் அப்பாவும் மகளும் மட்டும் பின்னால் இருப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், என்னால்தானே அப்பா பாவத்தில் கிடக்கிறார் என்று இன்றைக்கும் நற்கருணை வாங்காமல் வந்து உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குக் கோபக்கார அப்பனாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று அவர் நினைத்தார்.

பீடத்தின் முன்னால் ஜெசிந்தா நற்கருணை வாங்கிக்கொண்டாள். கைகூப்பியபடி திரும்பினாள். முன் பெஞ்சுப் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவர்களுக்கு நடுவில் முழந்தாளிட்டாள். இத்தனை தலைகளுக்குள் அவள் தலை எது என்று சூசைமாணிக்கத்துக்கு இங்கிருந்து தெரியவில்லை. அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எதிர்ப் பக்கம் கடைசி பெஞ்சு காலியாகக் கிடந்தது.

சாமியார் கேட்ட வருத்தம் அப்போதும் அவருக்கு வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்துபோய்விட்டனவே என்றுதான் வருத்தமாக இருந்தது.